இட்லிக்கு மார்க் கிடையாது

வேலைக்காக நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதெல்லாம் ஒரு சடங்கு நடக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என் சான்றிதழ்களைப் புரட்டுவார். பத்தாம் வகுப்பு சுமார். பட்டப்படிப்பில் அரியர் வைத்து, எழுதி, ஒருவழியாகத் தேர்ச்சி. நடுவில் ப்ளஸ் டூ. அந்தத் தாளுக்கு வந்ததும் அவர் புருவம் ஏறும். "எகனாமிக்ஸ்ல தொண்ணூத்தாறா? அப்புறம் காலேஜ்ல என்னங்க ஆச்சு?" என்பார். காதல் கீதல் ஏதாவது இருக்குமோ என்று சிலர் பார்வையிலேயே கேட்பார்கள். நான் சிரித்து வைப்பேன். காலேஜில் ஒன்றும் ஆகவில்லை. ஆனதெல்லாம் ப்ளஸ் டூவில்தான். அந்தத் தொண்ணூற்றாறு நான் வாங்கியது இல்லை.

காப்பி அடித்தேன் என்று நினைக்க வேண்டாம். காப்பி அடிப்பதற்கும் கையில் வேகம் வேண்டும். என்னிடம் இல்லாதது அதுதான்.

சின்ன வயதிலிருந்தே என் கை மெதுவானது. வகுப்பில் எல்லோரும் எழுதி முடித்துக் கோடு போடும்போது நான் இரண்டாவது வரியில் இருப்பேன். அதற்குள் டீச்சர் போர்டை அழித்துவிடுவார். எழுத்து கோணல் மாணலாக இருந்தது என்பதைக்கூட விட்டுவிடலாம். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் விரல்கள் இறுகிப்போய்ப் பேனாவைப் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆனால் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லிவிடுவேன், அதுவும் நிறுத்தாமல். அதனால் எனக்குக் கிடைத்த பெயர் சோம்பேறி. "வாய் மட்டும் கிழியுது, எழுதச் சொன்னா வளைய மாட்டா" என்பது தென்னூரில் இருந்த எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் என்னைப் பற்றிய ஒருமித்த கருத்து.

பரீட்சை என்பது திறமையை அளக்கிறதா என்று டிவியில் பட்டிமன்றம் வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். பரீட்சை முதலில் விரலைத்தான் அளக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே பேசுகிற எல்லோருக்கும் விரல் ஒழுங்காக வேலை செய்கிறது. எனக்குத் தெரிந்த விடையில் பாதி என் தலையோடு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு பரீட்சை முடிந்தும் நடந்தது இதுதான். ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எழுதாத விடைகளை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவேன். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் ஒரு முழு வினாத்தாள் முடிந்துவிடும்.

ப்ளஸ் டூ ஆரம்பத்தில் வந்த வகுப்பாசிரியை ஒருவர்தான் இது சோம்பேறித்தனம் இல்லை என்று கண்டுபிடித்தார். அப்பாவை வரவழைத்து டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னார். டாக்டர் என்னை எழுத வைத்தார், படிக்க வைத்தார், படம் வரைய வைத்தார், பேச வைத்தார். கடைசியில், "உன் அறிவுல ஒரு குறையும் இல்லம்மா. தலைக்கும் கைக்கும் நடுவுல ரோடு கொஞ்சம் குண்டும் குழியுமா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயருக்கு அரசாங்கத்தில் ஒரு சலுகை உண்டு. பொதுத்தேர்வில் நான் எழுத வேண்டாம். நான் சொல்லச் சொல்ல ஓர் ஆசிரியர் எழுதுவார். கூடுதலாக நேரமும் தருவார்கள்.

அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இனி என் கை நடுவில் வந்து நிற்காது. எனக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பது வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படியே ஒரு தாளில் ஏறப்போகிறது. நூற்றுக்கு நாற்பது வந்தாலும் சரி, எண்பது வந்தாலும் சரி, அது என்னுடையதாக இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

சொல்லி எழுத வைப்பது லேசான காரியம் என்று நினைத்திருந்தேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒத்திகை பார்க்க அப்பாவை எதிரில் உட்கார வைத்தபோதுதான் அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தது. அப்பா திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு திரும்புவார். வந்து காப்பி குடித்துவிட்டு, பழைய டைரி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தயாராவார். நான் கடகடவென்று கொட்டினேன். அவர் மூன்றாவது வார்த்தையிலேயே நின்றுவிட்டார்.

"இரு பாப்பா. நீ ரயில் மாதிரி போனா நான் எங்க ஏறுறது?"

கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினேன். விடை முழுவதையும் மனசுக்குள் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதுகிறவர் கைக்கு ஏற்றபடி இறக்க வேண்டும். எங்கே கமா, எங்கே புதுப் பத்தி, எதற்கு அடிக்கோடு என்பதையும் வாயாலேயே சொல்ல வேண்டும். எழுதப்பட்டதைத் திரும்பப் படிக்கச் சொல்லித் திருத்த வேண்டும். சமையலறையிலிருந்து அம்மா, "இப்ப எந்தப் பாடம் ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே காய் நறுக்குவாள். அப்பாவின் எழுத்து என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆனாலும் அந்த டைரியில் என் விடைகள் முதலிலிருந்து கடைசி வரை முழுசாக இருந்தன. நான் அவற்றை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

பொருளாதாரம் எனக்கு உயிர். பணவீக்கம் பாடம் நடத்தியபோது, விலை ஏறினால் மட்டும்தான் பணவீக்கமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு மெஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் அங்கேதான் வாங்குவோம். அங்கே இட்லி விலை ரொம்ப நாளாக ஏறவே இல்லை. ஆனால் இட்லி வர வர சின்னதாகிக்கொண்டே வந்தது. முன்பு மூன்று சாப்பிட்டால் எனக்குப் போதும், இப்போது ஐந்து வேண்டியிருந்தது. அப்படியென்றால் விலை ஏறியிருக்கிறது, பலகையில்தான் ஏறவில்லை. மாதச் சம்பளக்காரர் இதைக் கவனிப்பதில்லை, பிள்ளைக்குப் பசி அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். இதை நான் விடையில் சேர்த்து அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். "இது புஸ்தகத்துல இருக்கா?"

"இல்லப்பா. நானே யோசிச்சது."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏய், இங்க வந்து கேளு, உன் பொண்ணு என்ன சொல்றான்னு" என்று அம்மாவைக் கூப்பிட்டார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அம்மா கத்தியும் கையுமாக வந்து நின்று கேட்டாள். "அட, ஆமா" என்றாள். அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டு நான் பரீட்சை வரை ஓட்டினேன்.

தேர்வு மையம் வேறொரு பள்ளி. எனக்குத் தரைத்தளத்தில் தனி அறை. நான், கண்காணிப்புக்கு ஒரு மேடம், எனக்காக எழுத வந்த சார், மூன்றே பேர். எழுதுகிறவர் அந்தப் பாடம் நடத்துகிறவராக இருக்கக் கூடாது என்பது விதி. எனக்கு வந்தவர் இன்னொரு பள்ளியின் ஓவிய ஆசிரியர். கையெழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல்.

முதலில் தமிழ்த் தாள். நான் சொன்ன வாக்கியங்களை அவர் அங்கங்கே மாற்றி எழுதினார். எட்டிப் பார்த்தேன். என் வாக்கியத்தைவிட நன்றாக இருந்தது. நல்ல மனுஷர், உதவி செய்கிறார் என்று சும்மா இருந்துவிட்டேன். கணக்குப்பதிவியலில் எண்களைச் சொன்னபடிதான் எழுதினார். ஒரு இடத்தில் நான் தப்பாகக் கூட்டியபோது மட்டும் பேனாவை நிறுத்தி, "இன்னொரு தடவை பாரும்மா" என்றார். அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொருளாதாரத் தாளில் பணவீக்கம் வந்தது. அதன் விளைவுகளை விவரிக்க வேண்டும். எனக்காகவே கேட்டது போல இருந்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நிதானமாக, ஒத்திகை பார்த்தபடியே, கமாவோடு சொன்னேன். இட்லிக்கு வந்ததும் கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தேன். அங்கே, "பணவீக்கத்தின் விளைவுகள். ஒன்று, உற்பத்தியின் மீதான விளைவுகள். இரண்டு, பகிர்வின் மீதான விளைவுகள். அ, கடனாளிகளும் கடன் வழங்கியோரும்" என்று ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் உள்ளது உள்ளபடி. நான் சொன்னதில் ஒரு வார்த்தை இல்லை.

"சார், நான் இதைச் சொல்லலையே."

"நீ சொன்னதைத்தாம்மா கொஞ்சம் முறையா எழுதுறேன்."

"இட்லி இல்ல சார் இதுல."

அவர் தலை நிமிராமல் சிரித்தார். "இட்லிக்கு மார்க் கிடையாதும்மா. பாயின்ட்டுக்குத்தான் மார்க். நீ சொல்லிக்கிட்டு இரு."

ஓவிய ஆசிரியருக்குப் பணவீக்கம் எப்படித் தெரியும் என்று அப்போதுதான் யோசித்தேன். மனுஷர் படித்துவிட்டு வந்திருந்தார். கைடு வாங்கி, முக்கியக் கேள்விகளைப் பார்த்து, எனக்காகக் கண் விழித்து மனப்பாடம் செய்திருந்தார். நானும் படித்தேன், அவரும் படித்தார். இருந்தது ஒரே ஒரு தாள்.

கண்காணிப்பு மேடத்திடம் சொன்னேன். "மேடம், சார் நான் சொல்றதை எழுத மாட்டேங்கிறாரு."

அவர் என்னையும் பார்த்தார், சாரையும் பார்த்தார். "உனக்கு நல்லதுதானேம்மா பண்றாரு" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்று தெளிவாகப் புரிந்தது. நான் தப்பாகச் சொன்னதைச் சரியாக எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. சரியாகச் சொன்னதையே இவர்கள் யாரும் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தாளில் இருந்த அத்தனை கேள்விகளுக்கும் கடைசி வரை வாய்விட்டு விடை சொன்னேன். புதுப் பத்தி, அடிக்கோடு எல்லாம் சொன்னேன். அவர் பாட்டுக்கு அவருடைய விடைகளை எழுதிக்கொண்டிருந்தார். நான் முன்னாலேயே முடித்துவிட்டேன். "இரும்மா, நான் இன்னும் முடிக்கல" என்றார்.

வெளியே அப்பா பைக்கோடு நின்றிருந்தார். பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். "சார் அவர் பாட்டுக்கு எழுதுறாருப்பா. நான் சொன்னது எதுவுமே அதுல இல்ல."

"எழுதட்டும் விடு. வெயில்ல நிக்காத, ஏறு" என்றார்.

களைப்பில் அப்பா சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசல்ட் வந்த அன்று வீடு அமளிதுமளிப்பட்டது. பொருளாதாரத்தில் தொண்ணூற்றாறு, எங்கள் பள்ளியில் அதுதான் முதல். அம்மா லட்டு வாங்கி அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுத்தாள். பள்ளி வாசலில் என் போட்டோவைப் போட்டு, "தன்னம்பிக்கையின் சிகரமே" என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் சோம்பேறியாக இருந்தவள் ஒரே நாளில் சிகரம் ஆகிவிட்டேன். பொருளாதார டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இவ்வளவு பாயின்ட் பாயின்ட்டா எழுதுவேன்னு நான் நினைக்கவே இல்லடி" என்றார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழி சொந்தக் கையால் எழுதி எழுபது சொச்சம் வாங்கியிருந்தாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினாள். என்னை ஏமாற்றியவர்கள் போகிற போக்கில் அவளையும் ஏமாற்றியிருந்தார்கள்.

மார்க் ஷீட் வாங்கப் போன நாளில் ஆபீஸ் கிளார்க்கிடம், பொருளாதாரம் மட்டும் மறுபடி எழுத முடியுமா என்று கேட்டேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். "துணைத் தேர்வு ஃபெயில் ஆனவங்களுக்குத்தாம்மா. பாஸ் ஆனவங்க எழுத முடியாது" என்றார். தோற்றிருந்தால் எனக்கு இன்னொரு தடவை கேள்வி கேட்டிருப்பார்கள். தொண்ணூற்றாறு வாங்கியதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அந்த ஓவிய சார் செய்தது சரியில்லை, அவர்மேல் புகார் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த சார் மேல ஏம்மா கோபப்படுற? அவங்க ஸ்கூல்லயும் உன்னை மாதிரி ஒரு பையன். நம்ம சார் போய் அவனுக்கு எழுதினாரு, அவங்க சார் வந்து உனக்கு எழுதினாரு. வருஷா வருஷம் நடக்கிறதுதான். உனக்கு நான்கூடத் தயங்கினேன், நல்லா பேசுற பொண்ணாச்சே, அவளே சொல்லட்டும்னு. உங்கப்பாதான் விடல, சாரே பார்த்து எழுதட்டும்னுட்டாரு. பொங்கல் லீவு முடிஞ்சதுமே வந்துட்டாரு. எத்தனை தடவை வந்து நின்னாரு தெரியுமா? வீட்டுக்குப் போய் அவருக்கு ஒரு நன்றி சொல்லு."

பொங்கல் லீவு முடிந்ததும். அப்பா டைரியை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார ஆரம்பித்ததும் அப்போதுதான்.

அப்பா வெளியே பைக்கில் காத்திருந்தார். ஏறி உட்கார்ந்தேன். தென்னூர் தாண்டினோம், மெயின்கார்டு கேட் தாண்டினோம், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலையும் தாண்டினோம். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அறுத்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காவிரிப் பாலம் ஏறியதும் அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"ஸ்கூல்ல எப்பப்பா போய்ப் பேசினீங்க?"

வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது. "யார் சொன்னா?"

"எச்.எம். மேடம்."

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்.

"அப்ப தினம் சாயங்காலம் உக்காந்து நான் சொன்னதையெல்லாம் எழுதினீங்களே, அது எதுக்கு?"

"நீ ஆசை ஆசையா சொன்னே. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது அவருக்கு. தெரிந்துதான் கேட்காமல் விட்டிருக்கிறார்.

"நல்லா சொல்றேன்னு சொன்னீங்க. அம்மாவைக் கூப்பிட்டு கேக்கச் சொன்னீங்க. எல்லாம் நடிப்பாப்பா?"

"நல்லாத்தான் பாப்பா சொன்னே. அதுல நான் பொய் சொல்லல." தலையை லேசாகத் திருப்பினார், முகம் தெரியவில்லை. "ஆனா பேப்பர் திருத்தறது உங்கப்பன் இல்லையே. அவங்களுக்கு என்ன வேணுமோ அதுதானே வேணும். வேலைக்குன்னு நாளைக்கு ஒருத்தன் முன்னாடி போய் நிக்கும்போது உன் பேச்சையா பார்ப்பான்? மார்க்கைத்தான் பார்ப்பான்."

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தானே தை மாசத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தா, எகனாமிக்ஸ்ல எனக்கு எவ்வளவு வந்திருக்கும்னு நினைச்சீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. எண் தயாராக இருந்தது.

"நாப்பது. மிஞ்சிப் போனா நாப்பத்தஞ்சு."

கோபமாகச் சொல்லவில்லை, எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னார். பாலம் முடிந்து வண்டி இடது பக்கம் திரும்பியது. நான் அவர் தோளிலிருந்து கையை எடுத்துப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சலுகை கிடைத்த நாள் முதல் நான் ஆசைப்பட்டபடியே ஒரு பரீட்சை நடந்துதான் இருக்கிறது. என் வாயால் சொன்னது சொன்னபடியே டைரித் தாளில் ஏறியது. கமாகூட விடாமல் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் அதைத் திருத்தியும் வைத்திருந்தார் அப்பா. நாற்பது போட்டிருந்தார்.